ஆய்வு முறையைத் தெரிவு செய்தல்: திருகோணமலையில் முதல் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முறையாகச் சமூக விஞ்ஞான ஆய்வொன்றில் இறங்குபவர்களின் முன்மொழிவுகளை வாசித்தால், தலைப்புக்கு அடுத்த பக்கத்திலேயே "100 பேருக்கு வினாக்கொத்து வழங்கப்படும்" என்ற வரி வந்து நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். எதை அறிய வேண்டும் என்பது தெளிவாவதற்கு முன்னரே எப்படி அறிவது என்பது முடிவாகிவிடுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதும் மாணவர், கல்வி முதுமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் ஆசிரியர், தேவை மதிப்பீடு ஒன்றைச் செய்துதருமாறு பணிக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து, அந்த ஒழுங்கைத் திருப்பி அமைக்கும் முயற்சியாக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. உதாரணங்கள் யாவும் இந்த மாவட்டத்தில் ஒருவர் உண்மையிலேயே ஆராயக்கூடிய விடயங்கள்; அவற்றின் முடிவுகளை இங்கே தேட வேண்டாம்.

முதற்படி: தலைப்பை வினாவாக்குதல்

"கிண்ணியாவில் நுண்கடனும் பெண்களும்" என்பது தலைப்பு மட்டுமே. அதற்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல வினாக்கள் ஒளிந்திருக்கின்றன. கடன் பெற்ற பெண்களுள் எத்தனை பேர் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் கடன்பட்டிருக்கிறார்கள்? கடன்களின் எண்ணிக்கைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் ஒழுங்குக்கும் தொடர்புண்டா? ஒரே வாரத்தில் இரண்டு தவணைகள் வந்தால் எதை முதலில் கட்டுவது என்று அவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஒருவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு அயலவர்களுக்கிடையிலான உறவை என்ன செய்கிறது? இந்த நான்கும் நான்கு வேறு ஆய்வுகள். நான்குக்கும் முறை வேறு.

உங்கள் வினா எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய ஒரு நடைமுறை வழி உண்டு. ஆய்வு முடிந்தபின் முடிவுகள் அத்தியாயத்தில் எழுத விரும்பும் மையமான வாக்கியத்தை, விடை வரவேண்டிய இடத்தில் கோடு விட்டு, இப்போதே எழுதிப் பாருங்கள். "கிண்ணியாப் பிரதேச செயலகப் பிரிவில் நுண்கடன் பெற்ற பெண்களுள் நூற்றுக்கு ____ பேர் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் கடன்பட்டுள்ளனர்" என்று எழுதினால், கோட்டில் ஓர் எண்ணைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. எண்களால் அளக்கும் அளவுசார் முறையும், எல்லாருக்கும் பதிலாகச் சிலரை முறையாகத் தெரிவு செய்யும் மாதிரியெடுப்பும் வேண்டும். "எந்தத் தவணையை முதலில் கட்டுவது என்பதைப் பெண்கள் ____ என்பவற்றைக் கருத்தில் கொண்டு தீர்மானிக்கின்றனர்" என்று எழுதினால் அங்கே எண்ணுக்கு இடமில்லை. அவர்கள் தம் வாயால் சொல்லும் விளக்கமே அங்கு நிரம்ப வேண்டும், ஆகவே பண்புசார் முறை தேவை. "கடன் கூடக் கூடப் பிள்ளைகளின் வரவு ____" என்ற வாக்கியம் இரு மாறிகளுக்கிடையிலான, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் இரு விடயங்களுக்கிடையிலான தொடர்பைக் கேட்கிறது. அதற்கு இரண்டையும் அளந்த தரவு ஒரே குடும்பத்திடமிருந்து கிடைத்தாக வேண்டும்.

இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் முறையைப் பற்றி யோசிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று கொள்ளலாம். முன்னைய ஆய்வுகளை வாசிக்கவும், விடயத்தோடு தொடர்புடைய இரண்டு மூன்று பேரிடம் சும்மா உட்கார்ந்து கதைக்கவும் அதுவே சரியான நேரம்.

இரண்டாம் படி: விடை ஏற்கெனவே எங்கேனும் இருக்கிறதா?

புதிதாகத் தரவு திரட்டுவதற்கு முன்னர் இதைக் கேட்கத் தவறுபவர்கள் அதிகம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் புள்ளிவிபரக் கைநூல் வெளியிடுகிறது. தொழிற்படை, வீட்டு வருமானம், வீட்டுச் செலவினம் பற்றிய அளவீடுகளையும் நடத்துகிறது. பாடசாலை வரவு, இடைவிலகல் போன்றவை வலயக் கல்வி அலுவலகங்களில் பதிவாகின்றன. வெளியிடப்படாத தகவல் ஓர் அரச அலுவலகத்தில் இருப்பதாகத் தெரிந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோரலாம். தனிப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விபரங்கள் இவ்வழியில் பொதுவாகக் கிடைக்கமாட்டா. தொகுத்த எண்கள் கிடைக்கலாம்.

நீண்ட கால ஒப்பீடு செய்ய விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2001 தொகைமதிப்பு யுத்த நிலைமையால் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளில் முழுமையாக நடைபெறவில்லை. திருகோணமலை மாவட்டமும் பகுதியளவிலேயே எண்ணப்பட்டது. எனவே 1981 க்கும் 2012 க்கும் இடையில் மாவட்டம் முழுவதற்குமான தொகைமதிப்புத் தரவு இல்லை. அந்த முப்பது ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், திரும்பினார்கள், 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைச் சந்தித்தார்கள். இரு முனைகளிலுள்ள எண்களை இணைத்துக் கோடு வரைந்து அதைச் "சீரான வளர்ச்சி" என்று விளக்குவது பிழையாகும்.

மூன்றாம் படி: எண் வேண்டுமென்றால் மாதிரியைப் பற்றி யோசித்தல்

வினாக்கொத்தைத் தயாரிப்பதை விட, அதை யாரிடம் கொடுப்பது என்பதே கடினமான பகுதி. இங்கேதான் முதல் ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் குடித்தொகையை, அதாவது உங்கள் முடிவு யாரைப் பற்றியதோ அந்த முழுக் கூட்டத்தை, வரையறுக்க வேண்டும். "திருகோணமலை மீனவர்கள்" என்று எழுதுவது எளிது. ஆனால் குச்சவெளி, நிலாவெளிக் கரைகளில் நிரந்தரமாக வாழ்பவர்களோடு, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியமைத்துத் தங்கித் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் குடித்தொகையில் அடங்குவார்களா? வள்ளத்தின் சொந்தக்காரர் மட்டுமா, கூலிக்குச் செல்பவருமா? கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும் அந்த வலையை இழுப்பவரும் ஒரே வகைக்குள் வருவார்களா? இவற்றுக்கு விடை எழுதாமல் மாதிரியெடுக்க முடியாது.

அடுத்தது மாதிரிச் சட்டகம், அதாவது தெரிவு செய்வதற்கான பெயர்ப்பட்டியல். வாக்காளர் இடாப்பு, கடற்றொழில் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், கிராம உத்தியோகத்தரிடமுள்ள குடும்ப விபரம் போன்றவை பயன்படும். ஒவ்வொரு பட்டியலும் சிலரை விட்டுவிடும். வாக்காளர் இடாப்பில் பதியும் வயதை எட்டாதவர்கள் இல்லை. சங்கத்தில் சேராத மீனவர் சங்கப் பட்டியலில் இல்லை. யார் விடுபடுகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து எழுதிவைப்பது ஆய்வின் தரத்தை உயர்த்தும்.

பட்டியல் கிடைத்தால், அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகச் சம வாய்ப்புத் தரும் எளிய எழுமாற்று மாதிரி சாத்தியமாகும். 2012 தொகைமதிப்பின்படி இந்த மாவட்டத்தில் எந்த ஒரு சமூகமும் அரைவாசியை எட்டவில்லை: ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், கால் பங்குக்குச் சற்று அதிகமானோர் சிங்களவர். ஆகவே மாவட்டம் தழுவிய ஆய்வுகளில், சமூகம் அல்லது பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் படைகளாக (தனித்தனிக் குழுக்களாக) பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் எழுமாற்றாகத் தெரிவு செய்வதே பொருத்தமானது. நகரமும் சூழலும் பிரிவில் மட்டும் திரட்டிய விடைகளை வைத்துக்கொண்டு தலைப்பில் "திருகோணமலை மாவட்டம்" என்று போடுவதை எந்தப் பரீட்சகரும் கேள்விக்குட்படுத்துவார். பட்டியல் எதுவும் இல்லாதபோது, கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை முதலில் எழுமாற்றாகத் தெரிந்து, பின்னர் அவற்றுக்குள் வீடுகளைத் தெரியும் கொத்து மாதிரி உதவும்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு நம்மிடையே வழக்கமாக வரும் விடை, கிரெஜ்சியும் மோர்கனும் 1970 இல் வெளியிட்ட அட்டவணை. குடித்தொகை 1,000 என்றால் மாதிரி 278. 10,000 என்றால் 370. அதற்கு மேல் எவ்வளவு பெருகினாலும் 384 ஐ அண்மித்து நின்றுவிடும். இந்த அட்டவணை எழுமாற்று மாதிரியை முன்னிறுத்திக் கணிக்கப்பட்டது என்பது பலர் கவனியாத விடயம். தெரிந்த நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் படிவத்தை அனுப்பி 384 விடைகளைத் திரட்டிவிட்டு இந்த அட்டவணையை மேற்கோள் காட்டுவதில் பொருளில்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தும் தெரிவு பிழையானால் என்ன நடக்கும் என்பதற்கு 1936 அமெரிக்க சனாதிபதித் தேர்தல் சான்று: ஒரு வார இதழ் ஏறத்தாழ 24 இலட்சம் பேரின் விடைகளைப் பெற்றும், லாண்டன் வெல்வார் என்று தவறாகக் கணித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசி, மோட்டார் வாகனப் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததால் வசதி குறைந்த வாக்காளர் பலர் விடுபட்டதும், அஞ்சல் அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாரையும் போன்றவர்களாக இல்லாததும் அதற்குக் காரணமாகின.

எண்ணிக்கையைத் தீர்மானிக்க இன்னொரு வழி, எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்பது. எழுமாற்றாகத் தெரிந்த 100 பேரிடமிருந்து பெறும் ஒரு சதவீதம், 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் (இவ்வாறு நூறு முறை மாதிரியெடுத்தால் ஏறத்தாழ 95 முறை பொருந்தும்படி), மேலும் கீழுமாக ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் விலகலாம். 400 பேர் என்றால் அது 5 ஆகக் குறையும். வழுவைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், தனியொருவரின் பணத்துக்கும் நேரத்துக்கும் எங்கே நிறுத்துவது என்று கணக்குப் பார்க்க இது உதவும்.

வினாக்களை அமைக்கும்போது, ரென்சிஸ் லைகர்ட் 1932 இல் அறிமுகப்படுத்திய "முற்றாக உடன்படுகிறேன்" முதல் "முற்றாக உடன்படவில்லை" வரையிலான அளவுத்திட்டத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டியதில்லை. மனப்பாங்கை அளக்க அது ஏற்றது. வருமானத்தையோ நடத்தையையோ நேரடியாகக் கேட்பதே நல்லது. வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக எல்லாக் கூற்றுக்கும் "ஓம்" சொல்லிவிடும் பண்பு நம்மிடம் உண்டு. எதிர்மறையாக அமைந்த கூற்றுகளையும் இடையிடையே சேர்த்தால் அதைக் கண்டுகொள்ளலாம். குரொன்பாக் அல்பா 0.7 ஐத் தாண்டினால் போதும் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அது கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் நம்பகத்தன்மைச் சுட்டி மட்டுமே. நீங்கள் அளக்க எண்ணியதைத்தான் அளந்தீர்களா என்ற ஏற்புடைமையை அது சொல்லாது.

காரணத்தைத் தேடும் வினாக்கள்

மூதூர் வலயத்துப் பாடசாலையொன்றில் மாலை வகுப்புத் தொடங்கியபின் க.பொ.த சாதாரண தரக் கணித பாடப் பெறுபேறு உயர்ந்தது என்றால், வகுப்புதான் காரணமா? அதே ஆண்டில் வினாத்தாள் இலகுவாக இருந்திருக்கலாம். புதிய ஆசிரியர் வந்திருக்கலாம். முன்னும் பின்னும் அளப்பதோடு, அந்த வகுப்பு நடைபெறாத, மற்றபடி ஒத்த தன்மையுள்ள பாடசாலையையும் அதே இரு காலங்களில் அளந்து, இரண்டிலும் ஏற்பட்ட மாற்றங்களை ஒப்பிட வேண்டும். அது முடியாவிட்டால் "தாக்கம்" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டுத் "தொடர்பு" என்று எழுதுங்கள். நமது ஆய்வுத் தலைப்புகளில் "தாக்கம்" அளவுக்கு மீறிப் புழங்குகிறது என்பது என் எண்ணம்.

நான்காம் படி: விளக்கம் வேண்டுமென்றால் எந்தப் பண்புசார் முறை?

பண்புசார் ஆய்வு கணிதம் வராதவர்களுக்கான குறுக்கு வழி என்ற எண்ணம் தவறானது. ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை போகும். பேச்சு வழக்கையும் இடையில் கலக்கும் சிங்களச் சொற்களையும் அப்படியே பதிவதென்றால் இன்னும் கூடும்.

ஒருவரின் அனுபவம், தீர்மானம், வாழ்க்கைப் பாதை ஆகியவை வேண்டுமெனில் அரைக் கட்டமைப்பு நேர்காணல் ஏற்றது. 2006 இல் இடம்பெயர்ந்து, 2015 முதல் கட்டம் கட்டமாக மீள்குடியேறிய சம்பூர்க் குடும்பங்கள் தொழிலை எப்படி மீளத் தொடங்கின என்பதை நான்கு தெரிவுகள் கொண்ட வினாவால் பிடிக்க முடியாது. எட்டுப் பத்து திறந்த வினாக்களும், அவற்றின் கீழ் துருவிக் கேட்பதற்கான சிறு குறிப்புகளும் போதும். ஆட்களை நோக்க மாதிரி மூலம் தெரிவு செய்யலாம். முதலில் திரும்பியவர், கடைசியில் திரும்பியவர், காணி கிடைத்தவர், கிடைக்காதவர், பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று வேறுபாடுகளைத் தேடிப் போவதே அதன் பலம். கிராம உத்தியோகத்தரோ சங்கத் தலைவரோ எல்லா ஆட்களையும் காட்டித்தந்தால், அவருடைய பார்வையில் பேசத் தகுந்தவர்கள் மட்டுமே உங்கள் ஆய்வில் இருப்பார்கள்.

எத்தனை நேர்காணல் என்பதற்கு, புதிய கருத்து வராத நிறைவு நிலை வரை என்பது வழக்கமான விடை. கிரெக் கெஸ்டும் சக ஆய்வாளர்களும் மேற்கு ஆபிரிக்காவின் இரு நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை மீளப் பகுத்தாராய்ந்து, முதல் 12 இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாக 2006 இல் எழுதினர். அந்த 12 ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மேற்கோள் காட்டுவோர் உண்டு. அங்கு பேசியவர்கள் ஒத்த சூழ்நிலையிலுள்ள பெண்கள் என்பதை மறக்கக்கூடாது. மூன்று சமூகத்தவரையும் உள்ளடக்கும் ஆய்வில் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக நிறைவு நிலையைத் தேட வேண்டியிருக்கும்.

குவியக் குழுக் கலந்துரையாடல் ஒரே அமர்வில் ஆறு முதல் பத்துப் பேரின் கருத்தைப் பெறும் மலிவான நேர்காணல் என்று கருதப்படுகிறது. அதன் உண்மையான பயன், மக்கள் ஒருவரோடொருவர் உடன்படுவதையும் முரண்படுவதையும் நேரில் பார்க்க முடிவதே. கிண்ணியாவின் கடன் உதாரணத்தில், தான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை எந்தப் பெண்ணும் அயலவர் முன்னிலையில் சொல்லமாட்டார். அதற்குத் தனி நேர்காணலே வேண்டும். ஆனால் தவணை கட்டாதவரைக் குழு எப்படி நடத்த வேண்டும், எது நியாயம், எது அநியாயம் என்பது பற்றிய விவாதம் குழுவில்தான் சூடுபிடிக்கும். சம்மாட்டியையும் அவரிடம் வேலை செய்பவரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் ஒருவர் மட்டுமே பேசுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மக்கள் சொல்வதும் செய்வதும் வேறுபடும் இடங்களில் அவதானிப்புக்கு ஈடில்லை. கரைவலையில் பிடிபட்ட மீனை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால் விதியைச் சொல்வார்கள். கரையில் நின்று சில நாள் பார்த்தால், விதியில் இல்லாத கறிமீன் யாருக்குப் போகிறது, யார் கேட்காமலே எடுக்கிறார், யார் கேட்டும் பெறுவதில்லை என்பவை தெரியவரும். குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுத வேண்டும். கண்டதையும் நீங்கள் நினைத்ததையும் வேறு வேறாக எழுதுங்கள்.

பகுப்பாய்வை எப்படிச் செய்வது என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். புதியவர்களுக்கு வேர்ஜினியா பிரோனும் விக்டோரியா கிளார்க்கும் 2006 இல் விளக்கிய, ஆறு கட்டங்களைக் கொண்ட கருப்பொருட் பகுப்பாய்வு (பலரின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளை இனங்கண்டு தொகுத்தல்) பிடிபடக்கூடியது. நேர்காணல் வினாக்களையே கருப்பொருள்களின் பெயர்களாகப் போட்டுவிட்டால் அது பகுப்பாய்வாகாது. விடைகளை வினா வாரியாக அடுக்கியதாகவே முடியும்.

கலப்பு முறை

இரண்டையும் செய்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் கலப்பு முறையைத் தெரிவு செய்யாதீர்கள். ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படும்போதே அது பொருளுடையதாகும்: மக்கள் கடனைப் பற்றிப் பேசும் சொற்களை நேர்காணலில் அறிந்து, அச்சொற்களிலேயே வினாக்கொத்தை அமைக்கலாம், அல்லது வினாக்கொத்தில் எதிர்பாராத எண் ஒன்று வந்தால் அதன் விளக்கத்தைத் தேடி நேர்காணலுக்குப் போகலாம். ஒரு பருவத்தில் முடிக்க வேண்டிய இளமாணி ஆய்வுக்கு இது பெரும்பாலும் அதிகம்.

ஐந்தாம் படி: தெரிந்த முறை இந்தக் களத்தில் நடக்குமா?

காகிதத்தில் பொருந்திய முறையை இங்குள்ள நாட்காட்டியோடும் மனிதர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியில் கடலும் வீதிகளும் ஒத்துழைக்காது. மீனவர்கள் கரையில் இருப்பதால் நேர்காணலுக்கு நேரம் கிடைக்கலாம், தொழிலை அவதானிக்க முடியாது. நிலாவெளி, உப்புவெளி விடுதித் தொழிலாளர்களின் நிலைமை மறுபுறமானது. பயணிகள் நிறையும் வறண்ட மாதங்களில் அவர்களுக்குப் பேச நேரமில்லை. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலோ மூதூரிலோ பிற்பகல் நேர்காணல் வைப்பது பொருத்தமற்றது. தம்பலகாமத்தில் அறுவடை நடக்கும் வாரங்களில் விவசாயியைத் தேடிப் போவதும் அவ்வாறே.

மொழியை மொழிபெயர்ப்பாளரின் வேலை என்று ஒதுக்கிவிடக்கூடாது. சிங்களத்தில் பேச முடியாத ஆய்வாளர் கந்தளாயையும் சேர்த்து நேர்காணல் திட்டமிட்டால், துருவிக் கேட்கும் வாய்ப்பை இழப்பார். எல்லையைச் சுருக்குவது அல்லது சக ஆய்வாளர் ஒருவரைச் சேர்ப்பது என்பவற்றுள் ஒன்றைத் தெரிய வேண்டும். வினாக்கொத்தை மொழிபெயர்த்தால், இன்னொருவரைக் கொண்டு மூல மொழிக்கு மீள மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள். பெண்களிடம் குடும்ப விடயம் கேட்கும் ஆய்வில், கேட்பவர் பெண்ணாக இருப்பது பல இடங்களில் கட்டாயம் என்றே கொள்ளலாம்.

யுத்தமும் ஆழிப்பேரலையும் கடந்த கிராமங்களில் படிவத்தோடு வருபவர்களை மக்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். "பேர் எழுதிறீங்களே, ஏதும் உதவி வருமோ?" என்ற கேள்வி நிச்சயம் வரும். வராது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உதவி வரும் என்று நினைப்பவர் கஷ்டத்தைக் கூட்டியும், விசாரணை என்று அஞ்சுபவர் குறைத்தும் சொல்வதால் தரவே பாழாகும். காணாமற்போனோர், காணி, கடன் போன்ற விடயங்களில் உண்மைப் பெயரை ஒலிப்பதிவிலோ குறிப்பேட்டிலோ வைத்திருக்க வேண்டாம். ஆய்வு தேவையில்லாமல் திரட்டிய ஒவ்வொரு தனிப்பட்ட விபரமும் பின்னர் நீங்கள் காவல் இருக்க வேண்டிய சுமை. எழுத்திலான சம்மதம் கேட்டால் கையொப்பமிட அஞ்சுபவர்கள் உண்டு. வாய்மொழிச் சம்மதத்தை ஏற்குமா என்று உங்கள் நிறுவனத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சிறிதாகச் செய்து பார்த்து, காரணத்தை எழுதுதல்

உண்மையான மாதிரியில் சேராத சிலரிடம் முன்னோடி ஆய்வு நடத்துங்கள். விடையளிக்க எத்தனை நிமிடம் பிடிக்கிறது, எந்த வினாவில் தயங்குகிறார்கள், எந்த வினாவை நீங்கள் எண்ணியதற்கு மாறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று குறியுங்கள். பின்னர் கிடைத்த சிறு தரவை முதற்படியில் எழுதிய வாக்கியத்தின் கோட்டில் இட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வினாக்கொத்தை மட்டும் திருத்தாமல், முறையையே மாற்ற வேண்டுமா என்று மேற்பார்வையாளருடன் பேசுவதற்கு இதுவே கடைசிச் சந்தர்ப்பம். களத்துக்குப் போய்ப் பாதி முடிந்தபின் மாற்றுவது மிகக் கடினம்.

முறையியல் அத்தியாயத்தில் முறையின் வரைவிலக்கணங்களைப் பக்கம் பக்கமாக எழுதும் வழக்கத்தை விட்டு, தெரிவின் காரணத்தை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி அமையலாம்: "தவணைகளை முன்னுரிமைப்படுத்தும் விதம் பற்றிய வினாவுக்குப் பெண்களின் சொந்த விளக்கமே சான்றாகும் என்பதால் தனி நேர்காணல் தெரிவு செய்யப்பட்டது. கடன் தொகையை அயலவர் முன் கூறத் தயங்குவர் என்பதால் இவ்விடயத்துக்குக் குழுக் கலந்துரையாடல் தவிர்க்கப்பட்டது. கடன் பெற்றோரின் முழுப் பட்டியல் கிடைக்காமையால் நோக்க மாதிரி பயன்படுத்தப்பட்டது. எனவே இம்முடிவுகளைப் பிரதேசம் முழுவதற்கும் சதவீதமாகப் பொதுமைப்படுத்த முடியாது." கைவிட்ட முறையையும் அதன் காரணத்தையும் குறிப்பிடும் இரண்டாவது வாக்கியத்தை எழுதுபவர்கள் குறைவு. வாய்மொழிப் பரீட்சையில் பெரும்பாலும் அதையே கேட்பார்கள்.